குழந்தைகளின் பெயர்களும் எமது சமூகப் படிநிலையும்

பத்திரிகைகளில் வெளியாகும் மரண அறிவித்தல்களை வாசகர்கள் துயரத்தோடு வாசிக்கின்றனர். அவற்றின் அச்சுப்பிரதியைத் திருத்தும் நாமோ வேறொரு கண்ணோடும் வாசிக்க வேண்டியவர்களாக உள்ளோம். யாழ்ப்பாணத்தின் வழக்கமான ஓர் அறிவித்தலில் நான்கு தலைமுறைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. காலஞ்சென்ற கந்தையா, சின்னம்மா தம்பதியரின் அன்புப் புதல்வர். புவனேஸ்வரியின் அன்புக் கணவர். ரவீந்திரன், சாந்தினி ஆகியோரின் பாசமிகு தந்தை. டிலக்சன், நிரோஜன், யதுஷா ஆகியோரின் அன்புப் பேரன். ஒரே குடும்பம்தான். ஆனால் பெயர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் என்று சொல்ல இயலாது. கடைசி வரிக்கு வரும்போது எது பெயர், எது அச்சுப்பிழை என்று எமது ஒப்புநோக்குநருக்கே தெரிவதில்லை.

இத்தகைய பெயர்களைப் பற்றி எமது கல்விமான்கள் கவலைப்படுவது புதிதன்று. பொருளற்றவை, தமிழ் மரபுக்கு ஒவ்வாதவை, வடவெழுத்து மிகுந்தவை, பாட்டிமாரின் நாவில் வராதவை என்று குறைகள் அடுக்கப்படுகின்றன. இவ்விடயத்தில் பத்திரிகையாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். எனினும், யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் பெயர் என்ன வேலையைச் செய்தது என்பதை நினைவுபடுத்திக் கொண்டால் இந்தக் குறைகூறலை மறுபரிசீலனை செய்ய நேரும்.

தமிழகத்தில் சாதியைப் பெயரின் பின்னே தனிச்சொல்லாக இட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. வெட்டுவதற்கு அங்கே ஒரு வால் தனியாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது பெயரின் உடலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. முருகனின் ஒரே திருப்பெயர் ஆதிக்க சாதியினரின் வீட்டில் கந்தையா, கந்தப்பிள்ளை என்றும், ஒடுக்கப்பட்டவரின் குடிசையில் கந்தன் என்றும் வழங்கியது. வேலுப்பிள்ளையும் வேலனும் அவ்வாறே. பெண்களிலும் வள்ளியம்மைக்கு எதிரே வள்ளி, பொன்னம்மாவுக்கு எதிரே பொன்னி. ஐயா, அம்மை, பிள்ளை என்னும் ஈறுகளே மரியாதை. அம்மரியாதை சிலருக்கு மட்டுமே உரியது. மேலாடை, நகை, குடை, செருப்பு ஆகியன யாருக்கு உரியன என்று விதித்திருந்த சமூகம், ஈற்றெழுத்தையும் விட்டுவைக்கவில்லை. பெற்றோர் ஆசையோடு இட்ட நீண்ட பெயர், பதிவேட்டிலோ பாடசாலை இடாப்பிலோ ஏறும்போது எழுதுபவரின் பேனாவால் குறுக்கப்பட்ட கதைகளை நாம் முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம்.

இந்த வேலியில் முதல் திறப்பை ஏற்படுத்தியவர்கள் மிஷனரிமார் எனலாம். 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் நிறுவியது. அங்கு பயின்ற பிள்ளைகள் பலருக்கு, செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்கள் அக்காலத்தின் தடயங்களே. அவர்களில் கறல், சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளில் ஒருவராக விளங்கியவர். ஆங்கிலப் பெயர் அன்று உத்தியோகத்தின் வாசனையைத் தந்தது. ஆனால் பழைய ஈற்றையும் எவரும் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1898இல் மலாயாவில் பிறந்த தந்தை செல்வாவின் முழுப்பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். அந்த நான்கு சொற்களில் யாழ்ப்பாண மத்தியதர வர்க்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது.

ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிறிஸ்தவப் பெயர் வேறொரு பயனைத் தந்தது. டானியல் என்பதற்குக் குறுக்கப்பட்ட வடிவம் கிடையாது. ‘பஞ்சமர்’ நாவலை எழுதிய கே. டானியலும், ‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவாவும் அத்தகைய பெயர்களோடு எழுத்துலகுக்கு வந்தவர்கள். பின்னவர் ‘ஜீவா’ என்பதைப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மீதுள்ள பற்றினால் சேர்த்துக்கொண்டார். அந்த ஜீவானந்தமும் சொரிமுத்து என்று பெயரிடப்பட்டுப் பின்னர் பெயரை மாற்றிக்கொண்டவரே.

அதன் பின்னர் வந்தவை பெரும் மாற்றங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை, 1945இல் இலவசக் கல்வி, 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். பாடசாலைகளில் சம ஆசனத்துக்காகவும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகவும் நிகழ்ந்த போராட்டங்கள் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன. பெயருக்காக நிகழ்ந்த போராட்டமோ ஊர்வலமின்றி, பதிவாளர் முன்னிலையில், வீடு வீடாக நடந்து முடிந்தது. கந்தனின் மகன் தன் பிள்ளைக்குச் செல்வராசா என்று பெயரிட்டான். தங்கராசா, குலசிங்கம், யோகநாதன், இராஜேஸ்வரி, மகேஸ்வரி என்று அரசரும் அம்பிகையரும் எல்லாத் தெருக்களிலும் பிறந்தனர். ஈறு பொதுவுடைமையாயிற்று.

அவ்வாறு ஆனதும் மேலிருந்தவர்கள் என்ன செய்தனர்? வேறு பெயர்களுக்கு நகர்ந்தனர். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் 1904இல் எழுதிய கட்டுரையொன்றில் நாகரிக மோகத்தின் இயல்பாகக் கூறியது இதுவே: கீழுள்ளோர் மேலுள்ளோரைப் பின்பற்றுகின்றனர்; பின்பற்றப்பட்டதும் மேலுள்ளோர் அதைக் கைவிட்டுப் புதியதைத் தேடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் இராசாக்கள் பெருகியபோது நகரத்துப் படித்த குடும்பங்களில் ரவி, ரஞ்சன், மாலதி, வசந்தி முதலிய குறும்பெயர்கள் மதிப்புப் பெற்றன. சஞ்சிகைத் தொடர்கதைகளும் திரைப்படங்களும் அவற்றை ஊரெங்கும் கொண்டு சேர்த்தன. அவை பரவியதும் அடுத்தவை வந்தன. ஆயினும் வர்க்கப் போட்டி ஒன்றினாலேயே அனைத்தையும் விளக்கிவிட முடியாது என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி லீபர்சன் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டுள்ளார். ஒரு பெயரின் ஒலி பிடித்துப்போனால் அதையொட்டிச் சிறு மாறுதலோடு புதிய பெயர்கள் தாமாகவே கிளைக்கும் என்பது அவரது கருத்து. நிரோஷன், நிரோஜன், நிதுஷன் என்று நீளும் எமது வகுப்பறை இடாப்புகளைப் பார்ப்பவர்கள் அவரோடு முரண்பட மாட்டார்கள்.

பஞ்சாங்கமும் இதற்குத் துணை நின்றது. அசுவினியில் பிறந்த குழந்தைக்குச் சு, சே, சோ, லா ஆகிய எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்றால், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குள் பெற்றோர் எங்கே தேடுவர்? எண்சாத்திரம் பார்ப்பவர் ஆங்கில எழுத்துகளையும் கூட்டிக் கழித்துத் தந்துவிட்டால் பெயர் முடிந்தது. போர்க்காலத்தில் இதற்கு எதிர்த்திசையில் தூய தமிழ்ப் பெயர்கள் வலுவாக ஊக்குவிக்கப்பட்டன. கபிலன், இளங்கோ, தமிழ்ச்செல்வி ஆகியோர் ஒரு தலைமுறையில் மிகுந்தனர். ஆனால் அதே ஆண்டுகளில் டினேஷும் டிலானியும் குறையவில்லை.

முஸ்லிம் சமூகத்தின் அனுபவம் இதற்கு இணையானது. ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துப் புலவர் அசனாலெப்பையின் பெயரில் அரபும் தமிழ்நாட்டுக் கரையின் வழக்கும் இணைந்திருந்தன. லெப்பை மார்க்கக் கல்வியையும், மரைக்கார் கப்பல் வாணிகத்தையும் சுட்டிய பட்டங்கள். மீராப்பிள்ளை, சேகுத்தம்பி, நாச்சியா என்ற பெயர்களில் அயலவரின் தமிழ் ஈறுகள் ஒட்டியிருந்தன. ஆங்கிலக் கல்வி பரவ, அவ்வீறுகள் உதிர்ந்து அரபு வடிவங்கள் சீராயின. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியில் பயின்று, சிவில் சேவையில் இணைந்த முதலாவது இலங்கை முஸ்லிமாக உயர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸின் பெயரில் லெப்பையும் இல்லை, தம்பியும் இல்லை. 1970களின் பின் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பு இப்போக்கை விரைவுபடுத்தியது. இன்றோ ரிஸ்னா, ஷிஃப்னா, ரிம்ஸான் என்று ஒலிக்காகவே அமைந்த பெயர்கள் அங்கும் பெருகியுள்ளன. நல்ல பொருளுள்ள பெயரையே சூட்டுங்கள் என்று உலமாக்கள் கூறுவதும், சைவப் பெரியார்கள் கூறுவதும் ஏறக்குறைய ஒரே வாக்கியமாகவே இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு, புத்தளத்து அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களில் யாழ்ப்பாணத்து ஈறு எதுவும் எஞ்சாமற்போனதில் வியப்பில்லை.

இனி, பொருளற்ற பெயர் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். டிலக்சன் என்ற பெயருக்கு அகராதியில் பொருள் இல்லை என்பது உண்மையே. அதேவேளை, அப்பெயரைக் கேட்டு அப்பையன் எந்தக் குறிச்சியில் பிறந்தான், அவனது பாட்டனார் யாருடைய முற்றத்தில் நின்றார் என்று எவராலும் கணிக்க இயலாது. முன்கதை இல்லாத பெயருக்குச் சாதியும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 5000 போலி விண்ணப்பங்களை அனுப்பி இரு பொருளியலாளர்கள் மேற்கொண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகைமைக்கு வெள்ளையர் பெயரெனத் தோன்றியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயரெனத் தோன்றியவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமான அழைப்புகள் கிடைத்தன. பெயர் காட்டிக்கொடுத்தால் என்ன நேரும் என்பதை அறிய எமது மக்களுக்கு அந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. கந்தனின் கொள்ளுப்பேரனுக்குச் சங்க இலக்கியத்திலிருந்து பெயர் தேடித் தருவதற்கு முன், அவன் பெற்றோர் ஏன் அங்கே தேடவில்லை என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

புதிய பெயர்களிலும் படிநிலை ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஷ’வும் ‘ஜ’வும் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாழும் வசதி படைத்தோர் ஆதிரா, மாறன், கயல் என்று மீண்டும் பழந்தமிழுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் மிக விரும்பப்பட்ட கெவின் என்ற பெயர், பின்னர் அந்நாடுகளின் மேல்தட்டினரால் எள்ளி நகையாடப்பட்டது. அங்கு வாழும் எம்மவர் சிலரும் அக்காலத்தில் தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்டனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. குடும்பப் பெயர் கேட்கும் நாடுகளில் தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ எழுதிக் கொடுத்தவர்களால், இங்கே எவரும் பிள்ளைக்குச் சூட்டத் துணியாத கந்தையாவும் வேலுப்பிள்ளையும் ரொரன்ரோவில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றுவிட்டனர்.

பெயரைக் கேட்டு ஆளை அறியும் வழி இவ்வாறு அடைபட்டு வருவதால், அறிய விரும்புவோர் வேறு வழியை நாடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களில் பெயர் இருப்பதில்லை, சாதி இருக்கிறது. பெரும்பாலும் முதல் வரியிலேயே, ‘உயர்’ என்ற அடைமொழியோடு இருக்கிறது. அந்த விளம்பரங்களுக்குப் பணம் பெற்று அச்சிடுபவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாமே.