உயிலில் நம் பெயர் இருந்தால்...



நண்பர் ஒருவர் உயில் எழுதும்போது, அதை நிறைவேற்றுபவராக நம் பெயரைப் போடலாமா என்று கேட்பார். "அதற்கென்ன, போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

கிருஷ்ணகிரியில் புளி மொத்த வியாபாரம் செய்துவந்த அந்த நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் திடீரெனக் காலமானார். காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி இரும்புப் பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்து, "அண்ணா, நீங்கதான் பார்த்துச் செய்யணும்" என்றார். குளிர்பதனக் கிடங்கில் புளி, ஓசூரில் வீடு, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு மனை, கட்டுக்கட்டாகப் பாக்கிச் சிட்டைகள். மகன் கடையில் இருக்கிறார், மகள் பெங்களூரில்.

முதல் வாரத்திலேயே தவறு செய்தேன். எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர் வந்து சத்தம் போட்டார். கையிருப்பிலிருந்து அவர் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட்டேன். வக்கீல் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கு வரிசை வைத்திருக்கிறது. முதலில் ஈமச் செலவும் கடைசி நாட்களின் மருத்துவச் செலவும். அடுத்து நீதிமன்றச் செலவு. பிறகு வேலையாட்களுக்குக் கடைசி மூன்று மாதக் கூலி. அதன் பின்னரே மற்றக் கடன்கள். அவற்றிலும் முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்று பாராமல் சம விகிதத்தில் கொடுக்க வேண்டும். எல்லாக் கடனும் தீர்ந்த பிறகுதான் உயிலில் சொன்னவர்களுக்குப் பங்கு. சொத்து கடனுக்குப் போதாமல் போயிருந்தால், நான் முந்திக் கொடுத்த தொகைக்கு என் கைப்பணத்திலிருந்து பதில் சொல்ல நேர்ந்திருக்கும். மூட்டை தூக்கும் தொழிலாளிகள் நால்வர் கூலி பாக்கிக்காக வாசலில் அமைதியாக நின்றிருந்தார்கள். சட்டப்படி முன்னால் நிற்க வேண்டியவர்கள் அவர்களே என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து ஒரு சபலம். புதுப் புளி வரத்து தொடங்கும் நேரம். பழைய சரக்கின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. நானும் புளி வியாபாரிதானே, சந்தை விலைக்கே எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். வக்கீல் தடுத்தார். நிறைவேற்றுபவர் அந்தச் சொத்தை நேராகவோ வேறு ஆள் பெயரிலோ வாங்கினால், வாரிசுகளில் எவரும் வழக்கிட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாமாம். மூன்று வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேட்டு, கூடுதல் விலை தந்தவருக்கு விற்றேன். அந்தக் காகிதங்களைப் பேரேட்டோடு சேர்த்து வைத்தேன்.

மகன், வங்கி வைப்புத்தொகையில் நாமினி தாமே என்பதால் பணம் முழுவதும் தமக்கே என்றார். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அது வாரிசுகளைச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. மகளோ தன் பங்கை உடனே கேட்டார். இறந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகும்வரை பங்கு கொடுத்தாக வேண்டிய கட்டாயம் நிறைவேற்றுபவருக்கு இல்லை. அந்த அவகாசம்தான் எனக்குத் துணை நின்றது.

நம் எல்லைப் பகுதியில் வேலை இரட்டிப்பு. ஓசூர் வீட்டுக்குத் தமிழகத்தில் ஒரு நடைமுறை. அத்திப்பள்ளி மனைக்குக் கர்நாடகத்தில் 'காத்தா' மாற்ற வேண்டும், காகிதங்கள் கன்னடத்தில். முன்பு சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள சொத்தைப் பற்றிய உயிலுக்கும் புரொபேட் கட்டாயமாக இருந்தது. அந்தப் பிரிவை நாடாளுமன்றம் 2025இல் நீக்கிவிட்டது. ஆனாலும் தகராறு வரும் என்று தோன்றினால் புரொபேட் வாங்குவதே பாதுகாப்பு. வாங்கினால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். இறந்தவரின் வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தனி நபர் கடையானால் ஜிஎஸ்டி பதிவு மகன் பெயருக்கு அப்படியே மாறாது. அவர் புதுப் பதிவு எடுக்க வேண்டும். வெளியில் நிற்கும் பாக்கிக்கு மூன்றாண்டுக் காலாவதி உண்டு. அதற்குள் வசூலிக்க வேண்டும்.

பெரிய மனிதர்களின் உயிலும் சிக்கியது உண்டு. துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். தருமங்களுக்கு என்று அவர் எழுதி வைத்த பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்ற பிறகே, 1842இல் அவர் பெயரில் சென்னையில் பள்ளி தொடங்கியது. எழுதியவர் மனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது.

ஆகவே வணிகர்களே, நண்பர் கேட்டால் உயிலை ஒருமுறை படித்துவிட்டுச் சம்மதியுங்கள். இயலாதென்றால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடுங்கள். சரக்கில் கை வைத்த பின் விலகுவது கடினம். ஏற்றுக்கொண்டால் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வையுங்கள். உயில் எழுதுபவர்களும் கடன் பட்டியலை ஆண்டுதோறும் எழுதி வையுங்கள்.

பதினான்காம் மாதம் மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்து, பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள். சாவியை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.