வீட்டுச் சூரிய மின் அமைப்பும் பேட்டரி சேமிப்பும்

வீட்டுச் சூரிய மின் அமைப்பு என்பது மொட்டை மாடியில் சோலார் பலகைகளைப் பொருத்தி, வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை உற்பத்தி செய்யும் ஏற்பாடாகும். விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் இதனை அமைக்க விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தங்கள் நோக்கம் மின்கட்டணத்தைக் குறைப்பதா, மின்தடையைச் சமாளிப்பதா என்பதாகும்.

வகைகள்

மின்வாரிய இணைப்புடன் மட்டும் இயங்கும் அமைப்பில் பேட்டரி கிடையாது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இருவழி மீட்டர் அதைப் பதிவு செய்யும். மின்தடையின்போது, நல்ல வெயில் இருந்தாலும் இவ்வமைப்பு நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமெனில், பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு தேவை.

பலகைகளின் அளவு

1 கிலோவாட் பலகைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இவற்றுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவாகும் வீட்டின் அன்றாடத் தேவை சுமார் 8 யூனிட். எனவே 2 கிலோவாட் போதும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், மிகக் குறைவாகச் செலவிடும் வீடுகளுக்குக் கட்டண அளவில் பெரிய இலாபம் இல்லை.

இடமும் திசையும்

இவ்வூர்கள் ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில் உள்ளன. ஆகவே பலகைகள் தெற்கு நோக்கி, சுமார் 10 பாகை சாய்வில் இருப்பது நல்லது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை இருப்பதால் மாலை வெயில் சற்று முன்னதாகவே மறையும். மேற்கு நோக்கிப் பொருத்துவது நட்டமாகும். தென்னை, மா மரங்களின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும், அதனுடன் தொடராக இணைந்த மற்றப் பலகைகளின் உற்பத்தியும் குறையக்கூடும்.

பேட்டரி

75 வாட் மின்விசிறி இரண்டும் 9 வாட் விளக்கு மூன்றும் 4 மணி நேரம் இயங்க 0.7 யூனிட் தேவை. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 0.8 யூனிட் ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். நீடித்து உழைக்க அதில் பாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதால், இத்தேவைக்கு ஒரு பேட்டரி போதும். தண்ணீர் மோட்டார் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனைப் பேட்டரியுடன் இணைக்காமல் விடுவது செலவைக் குறைக்கும்.

மானியம்

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் அறிவிக்கப்பட்டது. இது மின்வாரிய இணைப்புள்ள சோலார் அமைப்பின் திறனைக் கொண்டு கணக்கிடப்படுவது. பேட்டரியின் விலையைத் தனியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.