மார்லியின் ஆவியும் ஆபிரகாமின் மறுப்பும்

1843 டிசம்பர் 19ஆம் நாள் இலண்டனில் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்', கிறிஸ்து பிறப்பு விழாவிற்குள் 6,000 படிகள் விற்றுத் தீர்ந்தது. அவ்விழாக் காலத்தில் அதனை வாசிப்பது ஆங்கிலேயரிடையே மரபாயிற்று. டிக்கன்ஸ் தாமே 1853 முதல் மேடைகளில் வாசித்துவந்தார். மீட்பரின் பிறப்பு விழாவிற்குப் பேய்க்கதை ஏற்புடையதா என்று நம் மாணாக்கர் வினவுவது இயல்பே. தூய ஆவிக்கும் இறந்தோரின் ஆவிக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது அத்தயக்கத்தை மிகுவிக்கிறது.

ஆயினும் நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. லூக்கா 16ஆம் அதிகாரத்தில், வேதனைப்படும் ஐசுவரியவான் தன் ஐந்து சகோதரரை எச்சரிக்க லாசருவை அனுப்புமாறு மன்றாடுகிறான். மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்குப் போதும் என்று ஆபிரகாம் மறுத்துவிடுகிறார். டிக்கன்ஸோ, ஏழாண்டுகளுக்குமுன் மரித்த மார்லியை அவன் கூட்டாளி ஸ்க்ரூஜிடம் அனுப்புகிறார். ஆபிரகாம் மறுத்ததை ஒரு நாவலாசிரியர் வழங்கிவிட்டாரோ?

கதையை ஊன்றி நோக்குவோர் அவ்வாறு கூறார். பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்கேடு ஆகியவை கோத்த சங்கிலியை இழுத்துவரும் மார்லியைக் கண்டும் ஸ்க்ரூஜ் முதலில் நம்புவதில்லை. செரியாத உணவின் விளைவென்று எள்ளுகிறான். பின்பு அஞ்சுகிறான், ஆனால் அச்சம் மனந்திரும்புதல் அன்று. அவனை அசைப்பவை அதற்குப்பின் காட்டப்படுபவையே: பள்ளியில் தனித்து விடப்பட்ட தன் இளமை, தன் எழுத்தர் பாப் கிராட்சிட்டின் எளிய விருந்து, ஊன்றுகோலுடன் வரும் சிறுவன் டிம். தன் கல்லறையை அவன் காண்பது இறுதியில்தான். கிராட்சிட்டின் குடும்பமோ, வாசலருகே கிடந்த லாசருவைப்போல, என்றும் அவன் அருகிலேயே இருந்தது.

அவ்வாண்டில் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய அரசு ஆணைய அறிக்கையை வாசித்த டிக்கன்ஸ், முதலில் ஒரு துண்டு வெளியீடே எழுத எண்ணியிருந்தார். சிறைகளும் ஏழையர் வேலை இல்லங்களும் இல்லையா என்று நன்கொடை கேட்டவரிடம் ஸ்க்ரூஜ் வினவிய சொற்களையே, அறியாமை, வறுமை என்னும் இரு மெலிந்த குழந்தைகளைக் காட்டும் ஆவி அவனிடம் திருப்பிக் கேட்கிறது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்கு இதனினும் கூரிய மறுமொழி அரிது.

கிறிஸ்துவின் பெயர் இந்நூலில் ஏறக்குறைய மறைந்தே நிற்கிறது என்னும் குறையை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது. மறுநாள் காலையில் ஸ்க்ரூஜ் நன்கொடை கேட்ட அவரைக் கண்டு பெருந்தொகை அளிக்க வாக்களிக்கையில், அதில் பழைய நிலுவைகள் பலவும் அடங்கும் என்கிறான். தருமமாக அன்று, கடனாகவே கணக்கிடுகிறான். நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்த சகேயு நின்ற இடம் அதுவே. அடுத்த நாள் அலுவலகம் திறந்ததும், வாரம் 15 ஷில்லிங் பெற்றுவந்த கிராட்சிட்டின் ஊதியத்தையும் அவன் உயர்த்துகிறான்.