ஒருமுறை பார்த்த எழுத்து

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு வரும் கர்நாடகப் பேருந்துகளின் நெற்றியில் கன்னடப் பலகை இருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கூட அதில் ஓர் எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டால் போதும். அடுத்த வண்டியில் அதே எழுத்து வேறு அளவில், வேறு நிறத்தில் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கணினிக்கு இது வெகுகாலம் கைகூடவில்லை. ஓர் எழுத்தைப் பழக அதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மாதிரிகள் வேண்டியிருந்தன.

பிரெண்டன் லேக், ருஸ்லான் சலாகுத்தினோவ், ஜோஷுவா டெனன்பாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். 'ஆம்னிகிளாட்' என்ற அவர்களது தொகுப்பில் 50 எழுத்துமுறைகள், 1,623 எழுத்துகள். ஒவ்வொன்றையும் 20 பேர் கையால் எழுதியிருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை. கிரந்தம் பயிற்சிக்கான பகுதியில் இருக்கிறது. கன்னடமும் மலையாளமும் சோதனைக்கென ஒதுக்கிய பகுதியில் இருக்கின்றன.

அவர்களுடைய நிரல் எழுத்தைப் புள்ளிகளின் கூட்டமாகப் பார்ப்பதில்லை. பேனா எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் வளைந்தது, எத்தனை முறை தூக்கி வைத்தார்கள், அடுத்த கோடு முந்தையதில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று ஊகிக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் கண்ட கோலத்தை மறுநாள் தன் வாசலில் போடும் பெண்ணின் மனசும் இப்படித்தான் வேலை செய்கிறது: இழை போன பாதை தெரிந்துவிட்டால், கோலம் பெரிதானாலும் சற்றே கோணினாலும் அது அதே கோலம்தான்.

புது எழுத்து ஒன்றை ஒரே ஒரு முறை காட்டி, இன்னொருவர் எழுதிய 20 எழுத்துகளுக்குள் அதைத் தேடச் சொன்னார்கள். மனிதர்கள் தவறியது 4.5 சதவீதம், இந்த நிரல் 3.3 சதவீதம். வழக்கமான ஆழ்நரம்பு வலைப்பின்னல் ஒன்று 13.5 சதவீதம் தவறியது.

கோடு போன பாதையைப் பிடிக்கும் இந்தச் சூட்சுமம் நம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 'மூணு சுழி ண, ரெண்டு சுழி ன' என்று சொல்லிக்கொடுக்கும்போது, பிள்ளையின் கையில் ஒரு செய்முறையையே ஏற்றிவிடுகிறார்கள். சுழி எத்தனை என்பது பதிந்துவிட்டால், யாருடைய கையெழுத்தில் வந்தாலும் ண அடையாளம் தெரியும்.

இன்று எழுத்தைத் தானே எழுதிப் பழகும் அந்தப் பழக்கம் தேய்கிறது என்பதுதான் வருத்தம். மழலையர் வகுப்புகளில் புள்ளிக்கோட்டின் மேலேயே எழுதும் நோட்டு. வீட்டில் தட்டினால் எழுத்து வரும் கைப்பேசி. இண்டியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கப் பழகாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாங்களே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் எடுத்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் நன்கு விழித்தது தாங்களாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். குழந்தையின் எழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கோணிப் போவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்; ஓர் எழுத்து எத்தனை உருவில் வரலாம் என்பதை மூளை அதிலிருந்தே கற்கிறது. கோணலாக வந்த ண-வை ரப்பரால் அழித்துவிட்டு அச்சுப்போல எழுதச் சொல்லும் பெற்றோர், அதில் மூன்று சுழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.