வைரச் சாணைக்கல்

வைரச் சாணைக்கல் என்பது உளி, இழைப்புளி போன்ற தச்சுக் கருவிகளின் அலகைத் தீட்டப் பயன்படும் தட்டு ஆகும். எஃகுத் தகட்டின் மீது நுண்ணிய வைரத் துகள்களை நிக்கல் முலாம் கொண்டு பதித்து இது செய்யப்படுகிறது.

அலகின் தட்டையான பின்புறமும் சாய்வான முன்புறமும் சந்திக்கும் கோடே அதன் கூர். ஆகவே தீட்டும் பரப்பு சமமாக இருக்க வேண்டும். நீரில் நனைத்துப் பயன்படுத்தும் கற்கள் நாளடைவில் நடுவே குழிந்துவிடும். வைரத் தட்டு அவ்வாறு குழிவதில்லை.

தீட்டும் முறை

தட்டில் சில துளி நீர் விட்டு, முதலில் உளியின் பின்புற நுனியைச் சமப்படுத்த வேண்டும். பின்னர் சாய்ந்த முகத்தை 25 முதல் 30 பாகைக் கோணத்தில் பிடித்து, பின்புற விளிம்பு நெடுகிலும் மெல்லிய பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். பிசிறு எழாத இடத்தில் கூர் ஏறவில்லை என்று பொருள். சுமார் 45 மைக்ரான் துகள் கொண்ட சொரசொரப்பான தட்டில் தொடங்கி, 9 மைக்ரான் அளவுள்ள நுண்ணிய தட்டில் முடிப்பது வழக்கம். இறுதியில் தோல் வாரில் இழுத்துப் பிசிறை நீக்குவர்.

கவனிக்க வேண்டியவை

மென்மையான அழுத்தமே போதும். அழுத்தித் தேய்த்தால் வைரத் துகள்கள் பெயர்ந்துவிடும். பயன்படுத்தியபின் தட்டைத் துடைத்து உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும்.