மலையகத் தொழிலாளரும் மனப்பயிற்சியும்: விளையாட்டு உளவியல்வழி உளவளத்துணை பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

உளவளத்துணையை நாடி வருபவரை நோயாளியாகக் கொள்ளாது, பயிற்சிக்கு வந்த விளையாட்டு வீரராகக் கொள்ளும் அணுகுமுறையொன்று கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மேலைநாடுகளிலே உருப்பெற்று, ஆசிய நாடுகளிலும் பரவியுள்ளது. மூச்சைச் சீர்செய்தல், தசைகளைத் தளர்த்துதல், செய்யப்போகும் செயலை மனத்திரையில் முன்கூட்டியே நிகழ்த்திப் பார்த்தல், தனக்குத்தானே கூறிக்கொள்ளும் சொற்களைத் தேர்ந்துகொள்ளுதல், எட்டக்கூடிய இலக்குகளைச் சிறிது சிறிதாக வகுத்துக்கொள்ளுதல் என்பன அதன் கருவிகள். ஓட்டக்காரருக்கும் பந்துவீச்சாளருக்கும் உதவியவை பரீட்சைக்கு அஞ்சும் மாணவிக்கும், குடியை விட முயலும் தொழிலாளிக்கும், துயரத்தில் உறைந்துபோன தாய்க்கும் உதவாவோ என்பதே அதன் அடிப்படை வினா. அவ்வினாவை ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை மனத்திற்கொண்டு நோக்குவதே எமது எண்ணம்.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் சொல், சந்தம், ஒத்திகை, பாத்திரமேற்றல் ஆகியவை இம்முறையின் உள்ளுறுப்புகளாக இருக்கும்போது, அது முற்றிலும் வைத்தியருக்கே உரிய விடயம் என்று விட்டுவிடவும் இயலாது.

விளையாட்டு உளவியலின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1898இல் நோர்மன் டிரிப்லெற் என்ற அமெரிக்கர், துவிச்சக்கரவண்டி ஓட்டுபவர் தனித்து ஓடுவதைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓடும்போது விரைந்து ஓடுவதைக் கவனித்து ஆராய்ந்தார். 1925இல் இலினோய் பல்கலைக்கழகத்திலே கோல்மன் கிரிபித் இதற்கென ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். 1938இல் அவரைச் சிக்காகோ பேஸ்போல் அணியொன்றுக்கு அமர்த்தியவர், அவ்வணியின் உரிமையாளரும் சூயிங்கம் முதலாளியுமான பிலிப் றிக்லி என்பது குறிப்பிடத்தக்கது. சோவியத் ஒன்றியத்தில் ருடிக், பூனி ஆகியோர் இத்துறையை வேறொரு நிலையிலே வளர்த்தனர். மனவுறுதி என்பதைப் பிறவிக் குணமாகக் கொள்ளாது பயிற்சியால் உருவாக்கப்படுவதாகக் கொண்டமை பூனியின் சிறப்பு. 1965இல் ரோமில் நடைபெற்ற மகாநாட்டின் பின்னரே இத்துறை சர்வதேச அமைப்பொன்றைப் பெற்றது. 1974இல் வெளியான ரிமதி கால்வேயின் ரெனிஸ் பற்றிய நூல், மைதானத்துக்கு வெளியே வாழும் சாதாரண மனிதரிடத்தும் இக்கருத்துகளைக் கொண்டுசென்றது.

ஆயினும் விளையாட்டுக்கும் உழைப்புக்குமிடையே உளவியற் பாலம் இட்டவர் இவர்களெல்லோருக்கும் வேறான ஒருவர் என்பதே எமது கருத்து. தொழிற்சாலை முகாமைத்துவத்தின் மூலவராகப் போற்றப்படும் பிரெடரிக் டெய்லர், 1881இல் ஐக்கிய அமெரிக்க ரெனிஸ் இரட்டையர் போட்டியிலே வெற்றிபெற்றவர். 1911இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுப்பும் முதல் முறைப்பாடுகளுள் ஒன்று இது: விளையாட்டு மைதானத்திலே தன் முழு வலுவையும் செலுத்தும் அதே தொழிலாளி, மறுநாள் வேலைக்கு வந்ததும் எவ்வளவு குறைவாகச் செய்யலாமென்று பார்க்கிறானே! இம்முறைப்பாட்டின் பின்னால் நிற்கும் உண்மை டெய்லருக்குப் புலப்படவில்லை. அல்லது புலப்பட விரும்பவில்லை. மைதானத்தில் அவன் ஆடுவது தனக்காகவும் தன் தோழர்க்காகவும். ஆலையிலே அவன் வியர்வையின் பயன் மற்றொருவர் கணக்கில் ஏறுகின்றது. நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு சுமந்தவனை 47½ தொன் சுமக்க வைத்ததே டெய்லரின் பெருமை.

தேயிலை மலையிலே இக்கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பல தோட்டங்களிலே நீண்டகாலமாக 18 கிலோ கொழுந்தே ஒரு நாட் பேருக்குரிய அளவாக இருந்துவந்தது, குறைந்தால் அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்குமென்று தராசடியிலே கழிக்கப்படும் கிலோக்கள் வேறு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டபொழுது பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய அளவும் கூடவே உயர்ந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும் மேலதிகத் தொகை உற்பத்தியோடு பிணைக்கப்பட்டிருந்தது.

இந்நிலையிலே 'இலக்கை வகுத்துக்கொள்' என்று கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் கூறுவது விபரீதமாகவே முடியும். அவளுக்குரிய இலக்கைப் பிறர் ஏற்கெனவே வகுத்துவிட்டனர். இலக்கமைத்தற் கோட்பாடு மைதானத்திலே பிறந்ததுமன்று. எட்வின் லொக் 1968இல் அதனை முன்வைத்தபொழுது அவரது கவனம் வேலைத்திறன் மீதே இருந்தது. மரந்தறிக்கும் தொழிலாளரிடையே அதனைச் சோதித்தவர் கரி லேதம். இவ்விருவரும் 1985இல் எழுதிய கட்டுரையின் வழியாகவே அது விளையாட்டுத் துறையில் வேரூன்றியது. ஆலையிலிருந்து மைதானத்துக்குச் சென்ற கருவி, உளவளத்துணை என்ற பெயரில் மீண்டும் தோட்டத்துக்கு வருமாயின், எவர் கையிலே வருகிறது என்று கேட்பது நியாயமன்றோ?

ஆனால் இதனைக் காட்டி முழுவதையும் 'பூர்ஷுவா உளவியல்' என்று ஒதுக்கிவிடுவோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. கருவியைச் செய்தவன் யாரென்பது அதன் பயனை முற்றாகத் தீர்மானிப்பதில்லை. விளையாட்டு உளவியலாளர் இலக்குகளை மூவகைப்படுத்துவர்: வெற்றி பற்றியது, தன் பெறுபேறு பற்றியது, செய்முறை பற்றியது. வெற்றி எதிராளியையும் நடுவரையும் மழையையும் பொறுத்தது. செய்முறை ஒன்றே வீரரின் கையிலுள்ளது. தவறணை வாசலைக் கடந்தே வீடு செல்லவேண்டியுள்ள தொழிலாளியிடம் 'இனி ஒருபோதும் குடிக்காதே' என்பது முதல்வகை இலக்கு. ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று அவர் முன்னிலும் அதிகமாகக் குடிக்கத் தொடங்குவார். சம்பள நாளன்று யாரோடு சேர்ந்து இறங்குவது, எந்தப் பாதையால் நடப்பது, காசை முதலில் எவரிடம் கொடுப்பது என்று திட்டமிட்டுக்கொள்வது மூன்றாம் வகை. இங்கு ஒரு தோல்வி தோல்வியாக மட்டுமே நிற்கும், தீர்ப்பாக மாறாது. இவ்வேறுபாடு சிறிதாயினும் பயனுடையது.

பரீட்சை விடயத்திலே இம்முறையின் பயன் இன்னுந் தெளிவானது. உடலின் கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் திறன் கெடும், மிகக் கூடினாலும் கெடும் என்பதும், கடினமான வேலைக்கு மிதமான கிளர்ச்சியே உகந்தது என்பதும் யேர்க்ஸ், டொட்சன் ஆகியோர் 1908இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து விரித்துரைக்கப்பட்ட கருத்துகள். அச்சம் மிகும்போது கவனம் குறுகுகின்றது, மாணவி வினாத்தாளின் முதலாம் வினாவிலேயே சிக்கிக்கொள்கிறாள், நெஞ்சு படபடக்கிறது, படித்தது மறந்துபோகிறது. வெளிமூச்சை நீளவிடுதல், எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் விளக்கியவாறு தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல், பரீட்சை மண்டபத்துள் நுழைந்து அமர்ந்து எழுதத் தொடங்குவதை முன்னாளே மனத்தில் நடத்திப் பார்த்தல் ஆகியன இந்நிலைக்கு உதவுவன. ஓர் அசைவை எண்ணிப் பார்க்கும்போதே அதற்குரிய தசையில் மெல்லிய மின்னியக்கம் எழுவதையும் ஜேக்கப்சன் பின்னர் காட்டினார். கண்ணை மூடிச் செய்யும் ஒத்திகை உடலுக்கும் ஒத்திகையே. யாழ்ப்பாணத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரினால் பாதிக்கப்பட்டோரிடம் தளர்வுப் பயிற்சிகளை அவரவர் சமயப் பண்பாட்டு வழக்குகளோடு இணைத்துக் கையாண்டமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆனால் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவிலே, ஐந்தாறு பேர் நடுவில், கண்ணை மூடி அமைதியாக அமரும் வாய்ப்பு எங்கே? அயற் காம்பராவின் வானொலியும் குழந்தை அழுகையும் சுவர் கடந்து வரும். இம்முறையை எழுதியோர் தனியறையை இயற்கையாகவே கிடைப்பதொன்றாகக் கொண்டனர்.

அகப்பேச்சு என்னும் கருவியே எமக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. வீரர் தமக்குள்ளே கூறிக்கொள்ளும் சொற்களை மாற்றினால் ஆட்டமும் மாறும் என்பர். அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. 1934இல் வெளியான 'சிந்தனையும் மொழியும்' என்ற நூலில் வைகோட்ஸ்கி அதற்கு விடை தந்துள்ளார். குழந்தை முதலிற் பிறரோடு பேசுகிறது. பின்னர் அப்பேச்சே தனக்குத்தானே உரக்கப் பேசுவதாகி, இறுதியில் ஒலியற்று உள்ளே செல்கிறது. எனவே எமது மனத்தின் அந்தரங்கமான குரலும் சமூகத்தின் குரலே. 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் தலைமுறைகளாக ஏசப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் பிள்ளை 'என்னால் ஏலாது' என்று தனக்குள்ளே சொல்லும்போது, அதைச் சொல்பவர் அப்பிள்ளை மாத்திரமல்லர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அக்குரலிலே பேசுகிறது. அடுத்த ஆண்டு பறிபோன வாக்குரிமை பேசுகிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் மனிதரைத் தொகையாகப் பிரித்த கணக்கும் பேசுகிறது. 'என்னால் ஏலும்' என்று மாற்றிச் சொல்லப் பயிற்றுவது மேற்போக்கான மருந்து. அந்த ஏளனத்தின் உரிமையாளர் யாரென்று அடையாளங் காண உதவுவதே ஆழமான உளவளத்துணை.

மக்களிடம் இதற்கான மூலவளம் இல்லாமலுமில்லை. ஜோர்ஜ் தொம்சன் 1945இல் 'மார்க்சியமும் கவிதையும்' என்ற சிறுநூலில் உழைப்பின் சந்தத்திலிருந்து பாட்டு பிறந்ததை விளக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை அவ்வெளிச்சத்திலே படித்தால், கங்காணியைக் கேலிசெய்யும் பாட்டும் ஒருவகை அகப்பேச்சுப் பயிற்சியென்பது புலனாகும். தனியொருத்தி மனத்துக்குள் அடக்கியதைப் பலர் சேர்ந்து வாய்விட்டுக் கூறுவதால் ஏற்படும் தளர்வு அதிலுண்டு. மாசி மாதக் காமன் கூத்திலே விரதம் பூண்டு வேடங்கட்டுவோரின் உடற்கிளர்ச்சியைத் தப்பின் தாளமே ஏற்றி இறக்குகின்றது. அதே தப்புத்தான் விடியுமுன் அடிக்கப்பட்டுத் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு எழுப்பியது. கருவி ஒன்று, யார் அடிக்கிறார், எதற்கு அடிக்கிறார் என்பதிலே பொருள் வேறு.

விளையாட்டின் மனவுறுதி பற்றிப் பேசுவோர் தவறாது காட்டும் உதாரணம் முத்தையா முரளிதரன். அவரது பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். தந்தையார் கண்டிப் பகுதியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஆகவே லயத்திலிருந்து நேரே லோர்ட்ஸ் மைதானத்துக்குச் சென்ற கதையாக இதனைச் சித்திரிப்பது வர்க்க வேறுபாட்டை மறைப்பதாகும். அது நிற்க, 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னிலே நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை அவரது பந்துவீச்சைத் தவறென அறிவித்தார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஒரு மனிதரின் உடலே குற்றமென்று கூறப்பட்ட கணம் அது. அப்போது நிகழ்ந்தது என்ன? அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை விலக்கவில்லை. மறுமுனையிலிருந்து வீசச் செய்தார். அவரது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது என்பதை மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் நிகழ்ந்த பரிசோதனைகள் எடுத்துக்காட்டின. 1996இல் சர்வதேச கிரிக்கெட் சபை அவரை அனுமதித்தது. 1999 ஜனவரியில் அடிலெய்டிலே மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டபோது ரணதுங்க அணி முழுவதையும் எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். 2005இல் 15 பாகை வரையான நிமிர்வை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் அனுமதிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. 2010இல் காலியிலே 800ஆவது விக்கெட்.

முரளிதரனின் தனிப்பட்ட துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்துணிவைத் தாங்கியவை ஒரு தலைவரின் தீர்மானம், தோழரின் ஒன்றுபட்ட நடை, ஆய்வுகூடத்தின் அளவீடு, இறுதியில் விதியின் மாற்றம் என்பன. அவருக்கு 'நடுவரைப் பொருட்படுத்தாதே, மூச்சை ஆழமாக இழு' என்ற அறிவுரை மாத்திரம் வழங்கப்பட்டிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய கிரிக்கெட் நூலில், எல்லைக்கோட்டுக்கு அப்பாலுள்ள சமூகத்தை அறியாது எல்லைக்கோட்டுக்குள் நடப்பதை அறிய இயலாதென்று விளக்கியது இதனையே.

இதைவிடக் கடுமையான சான்றொன்று உண்டு. இலங்கையின் தற்கொலை வீதம் 1995 அளவில் நூறாயிரம் பேருக்கு 47 என்ற உச்சத்தை எட்டியது. பின்வந்த இரு தசாப்தங்களில் அது 70 வீதத்துக்கு மேல் குறைந்தது. 1974இல் தோன்றிய சுமித்ரயோ போன்ற அமைப்புகளின் செவிமடுக்கும் பணி மதிப்புக்குரியதே. எனினும் இவ்வீழ்ச்சிக்கு ஆய்வாளர் காட்டும் முதற்காரணம், 1995இலும் 1998இலும் 2008ஐத் தொடர்ந்தும் கொடிய கிருமிநாசினிகளும் களைநாசினிகளும் தடைசெய்யப்பட்டமையாகும். ஒரு கணத்தின் தாங்கொணாத் துயரம் கடந்துபோகக் கூடியது. அக்கணத்திலே நஞ்சு கையெட்டும் தூரத்தில் இல்லாதிருந்தால் மனிதர் வாழ்கின்றனர். உள்ளத்தை மாற்றியல்ல, சூழலை மாற்றியே ஆயிரக்கணக்கானோர் காக்கப்பட்டனர். தோட்டத்தில் பணிபுரியும் உளவளத்துணையாளர், வருபவரின் மூச்சைக் கவனிக்குமுன் களைநாசினிப் போத்தல் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று விசாரிக்க வேண்டும்.

நடைமுறை பற்றிச் சில சொல்லவேண்டும். உளவளத்துணையாளருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்ட நிர்வாகமாயின், அவரிடம் கூறப்பட்டது கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டாதென்று தொழிலாளர் நம்புவதற்கு நியாயமில்லை. நாள் முழுதும் மலையில் நின்றவரிடம் மாலையில் வந்து ஒருமணிநேரம் அமருமாறு கேட்பது, அவரது அரைப்பேரையோ அடுப்படி நேரத்தையோ பறிப்பதாகும். சந்திப்பு வேலைநேரத்துக்குள், பேர் குறையாமல் நிகழவேண்டும். இடம் லயமாகவோ காரியாலயமாகவோ இருத்தலாகாது. டார்றவெல்ல, ரதல்ல ஆகிய இடங்களிலே துரைமாரின் கழகங்களுக்கென மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய அழகிய மைதானங்கள் உள்ளன; தோட்டப் பிள்ளைகளோ பிரட்டுக் களத்திலும் பாதையோரத்திலும் பந்தடிக்கின்றனர். கரப்பந்து வலையொன்றைக் கட்டி, இளைஞரோடு பெண்பிள்ளைகளும் ஆடக்கூடிய நேரத்தை ஒதுக்கி, ஆட்டம் முடிந்து வியர்வை ஆறும்போது பேச்சைத் தொடங்குவதே விளையாட்டு உளவியலை அதன் பிறப்பிடத்துக்கு மீட்பதாகும். அதற்கு வேண்டிய சமதரை எந்தத் தோட்டத்தில் எவ்வளவு உள்ளது, அது எவர் பெயரில் உள்ளது என்ற கணக்கெடுப்பிலிருந்தே இத்திட்டம் தொடங்கவேண்டியிருக்கும்.