மிளகுக் கொடியிலிருந்து கறித்தூள் போத்தல் வரை

மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் ஆகிய நான்கும் ஒரே வீட்டு வளவில் விளையக்கூடிய இடம் இலங்கையின் மாத்தளை மாவட்டம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், பழைய கற்கோயிலான கெடிகேயால் பெயர்பெற்ற நாலந்தாவும் இந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. பலா, தென்னை, பாக்கு மரங்களின் நிழலில் வாசனைப் பயிர்களைக் கலந்து வளர்ப்பது இப்பக்கத்து வீட்டுத்தோட்ட முறை. மிளகுக்கெனத் தனி நிலம் தேவையில்லை. வேலிக்கு நட்ட கிளிரிசீடியாத் தடியே கொடிக்குத் தாங்குமரம். அதன் தழை பசளையாகவும் ஆட்டுத் தீனியாகவும் பயன்படும். இப்பயிர்களை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே இருக்கிறது.

விளைந்ததை வீட்டிலேயே பதப்படுத்த பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொதிநீர்ப் பானை, பாய், சுளகு, நல்ல வெயில் ஆகியவை போதும். ஆனால் பறிக்கும் பருவத்திலும் உலர்த்தும் முறையிலும் தவறினால் பின்னர் சமையலறையில் அதைச் சரிசெய்ய முடியாது.

மிளகு: கறுப்பும் வெள்ளையும்

பூத்து ஆறு முதல் எட்டு மாதங்களில் மிளகு முற்றும். கதிரில் ஓரிரு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறுவதே பறிக்கும் அடையாளம். முற்றாத மணி உலர்ந்தபின் உள்ளே வெறுமையாகி, சுளகில் புடைக்கும்போது பதரோடு போய்விடும்.

கதிரிலிருந்து மணிகளை உதிர்த்து, மூங்கில் கூடையிலோ துணியிலோ கட்டி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். இதனால் தோலில் ஒட்டிய தூசியும் கிருமிகளும் குறைகின்றன. தோலின் உயிரணுக்கள் உடைந்து, அதிலுள்ள நொதியம் காற்றுடன் சேர்ந்து மணியை விரைவாகவும் ஒரே சீராகவும் கறுக்கச் செய்கிறது. நீரில் அதிக நேரம் விட்டால் அந்த நொதியமே செயலிழந்து, நிறம் மங்கிவிடும்.

பிறகு பாயிலோ சுத்தமான படங்கிலோ மெல்லிதாகப் பரப்பி, நாளுக்குச் சில தடவை கிளறி, மூன்று முதல் ஆறு நாள் வெயிலில் காயவிட வேண்டும். மாலையில் பனி விழுமுன் அள்ளி உள்ளே வைப்பது அவசியம். வெறும் மண்ணிலோ சாணம் மெழுகிய தரையிலோ பரப்பினால் கல்லும் அழுக்கும் கிருமியும் சேரும். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு ஒரு கிலோ உலர்ந்த மிளகாகும். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்கு இறங்கியதும், கடித்தால் மணி நசுங்காமல் பட்டென்று உடையும்.

வெள்ளை மிளகு வேறு கொடியின் விளைச்சல் அல்ல. நன்றாகச் சிவந்து பழுத்த மணிகளைச் சாக்கில் கட்டி, ஓடும் நீரில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஊறவைத்தால் தோல் அழுகி இளகும். கையால் தேய்த்துத் தோலை நீக்கி, பலமுறை கழுவி உலர்த்தினால் வெண்மணி கிடைக்கும். ஓடும் நீர் இல்லாத வீட்டில் வாளியில் ஊறவைக்கலாம். நாள்தோறும் நீரை மாற்றாவிட்டால் கெட்ட வாடை மணியில் ஏறிவிடும். உறைப்பைத் தரும் பைப்பரின் பெரும்பாலும் உள்மணியில் இருப்பதால் வெள்ளை மிளகிலும் காரம் குறைவதில்லை. மணம் தரும் எண்ணெயில் ஒரு பகுதி தோலோடு போய்விடுவதால் வாசனை மட்டும் வேறுபடுகிறது.

சாதிக்காயும் கறுவாவும்

சாதிக்காய்ப் பழம் தானே வெடித்தபின் எடுக்க வேண்டும். கொட்டையைச் சுற்றியுள்ள சிவந்த வலைதான் வசுவாசி எனப்படும் சாதிபத்திரி. அதைக் கிழியாமல் கழற்றித் தட்டையாக அழுத்தி உலர்த்த வேண்டும். கொட்டையை ஓட்டோடு மெதுவாக உலர்த்தி, ஆட்டினால் உள்ளே பருப்பு கிலுங்கும் வரை விட வேண்டும். பருப்பில் கொழுப்பு மிகுதி. வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டினால் கொழுப்பு உருகி மணம் கெடும்.

கறுவாவின் இளங்கிளையை மழைக்குப் பின் வெட்டினால் பட்டை எளிதில் கழன்று வரும். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, நீளவாக்கில் இரண்டு பக்கமும் கீறி, பட்டையை நெம்பி எடுக்க வேண்டும். அதை நிழலில் உலர்த்தினால் தானாகச் சுருண்டுகொள்ளும். கடும் வெயில் பட்டால் சுருள் வளைந்து வெடிக்கும்.

மழைநாளுக்கு ஓர் உலர்பெட்டி

அறுவடை மழையோடு வந்தால் வெயிலை நம்ப முடியாது. அதற்கு எளிய உலர்பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். இடுப்பளவு உயரமான மரக்கால்களின்மேல் ஒரு மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் நீளமும் உள்ள சட்டம் அடித்து, அதில் நைலோன் வலைத் தட்டு பொருத்த வேண்டும். தட்டுக்குக் கீழே கறுப்பு வர்ணம் பூசிய தகரம் இருந்தால் வெப்பத்தை ஈர்க்கும். மேலே மழைநீர் வடியும்படி சரிவாகத் தெளிந்த பொலித்தீனை இழுத்துக் கட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் காற்று நுழையவும் மேல்முனையில் ஈரக்காற்று வெளியேறவும் வலையிட்ட துவாரங்கள் கட்டாயம் தேவை. துவாரமில்லாத பெட்டியில் நீராவி பொலித்தீனில் படிந்து மணிகளிலேயே சொட்டும். மிளகுக்கு 60 பாகைக்கு மேல் வெப்பம் ஏற விடலாகாது.

வறுத்த கறித்தூள்

கறித்தூளுக்கான மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம் பெரும்பாலும் கடையில் வாங்கும் இறக்குமதிச் சரக்கு. மிளகு, கறுவா, கராம்பு, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றைத் தோட்டம் தரும். சிங்களச் சமையலின் துனபஹ தூளில் வழக்கமாக மிளகாய் சேராது. மிளகாய்த்தூள் கறியில் தனியாக இடப்படும். யாழ்ப்பாணத்துத் தூளில் செத்தல் மிளகாயும் சேர்த்தே வறுத்து இடிக்கப்படும்.

சிறிய குடும்பத்துக்கு 200 கிராம் மல்லி, 100 கிராம் நற்சீரகம், 50 கிராம் பெருஞ்சீரகம், 25 கிராம் மிளகு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், விரலளவு கறுவா, எட்டுக் கராம்பு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை என்பது நல்ல அளவு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டக் கூடாது. மல்லி வறுபட நேரம் எடுக்கும்; நற்சீரகம் சீக்கிரம் கருகும்; வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கசக்கும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே, மெல்லிய நெருப்பில், இடைவிடாது கிளறி வறுக்க வேண்டும். இறைச்சிக் கறிக்கு மல்லி கடுங்கபிலமாகும் வரை வறுப்பர். மரக்கறிக்கு இளவறுவல் போதும்.

வறுத்ததை முழுதாக ஆறவிட்டே இடிக்கவோ அரைக்கவோ வேண்டும். சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட சரக்கைக் கழுவி மறுபடி காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் நஞ்சு சமையல் வெப்பத்தில் அழிவதில்லை. முழு மிளகு நன்றாக உலர்ந்து காற்றுப்புகாமல் இருந்தால் ஓராண்டுக்கு மேலும் மணம் காக்கும். தூளாக்கியதும் எண்ணெய் காற்றில் கலையத் தொடங்குவதால், மாதமொருமுறை சிறிதளவே இடித்து வெளிச்சம் படாத தட்டில் வைப்பதே ஏற்ற முறை.